மாறுதல் கடிதத்தைப் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு: டெல்டா சபைகள் பற்றி ஒரு மதிப்புரை

ஜூன் மாதம் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று மாறுதலாகி வரும் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே காஸ் இணைப்பை மாற்றிவிடுகின்றன. பிள்ளைகளின் டி.சி. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பழைய ஊர் ஐயர் (சபைப் போதகர்) கையெழுத்துப் போட்டுத் தந்த சபை மாறுதல் கடிதம் மட்டும் பெட்டிக்குள் கிடக்கிறது. சில வீடுகளில் இரண்டு, மூன்று வருஷம். கேட்டால், "இன்னும் நல்ல சபை அமையலைங்க" என்கிறார்கள். ஒன்றில் பிரசங்கம் வறட்சி. ஒன்றில் ஸ்பீக்கர் இரைச்சல். இன்னொன்றில் கமிட்டித் தேர்தல் வழக்கு. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை யூடியூப்பில் யாரோ ஒருவருடைய பிரசங்கம், கையில் காபி.

அவர்களுக்காக எழுதியது இது. கட்டடத்தையும் பாடகர் குழுவையும் இங்கே மதிப்பிடவில்லை. ஒரு சபையில் குடும்பத்தோடு பத்து வருஷம் இருந்தால் என்ன கிடைக்கும், எங்கே அடிபடும் என்பதே கணக்கு. சபைகளின் பெயரைச் சொல்லாமல் வகைகளாகப் பார்க்கிறேன். ஐயர் மாறினால், கமிட்டி மாறினால், ஒரே சபை மூன்று வருஷத்தில் வேறு முகம் காட்டும். பெயர் போட்டு மதிப்பெண் கொடுத்தால் அது அடுத்த மாறுதல் பட்டியல் வரைதான் செல்லும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறையில்லாத சபை இந்த வட்டாரத்தில் கிடையாது. குறையைச் சொன்னால் காது கொடுக்கிற சபையும், சரிசெய்ய ஒரு முறை வைத்திருக்கிற சபையும் உண்டு. அப்படி ஒன்று வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்தால் கடிதத்தைக் கொடுத்துவிடலாம்.

கோபனேகனிலிருந்து வந்த கடிதம்

தூய சபையைத் தேடும் ஆசை டெல்டாவுக்குப் புதிதல்ல. ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அடுத்த வருஷமே ஒரு சிறு கோயில் எழும்பியது. 1708 கடைசியில் தொடங்கி சீகன்பால்கு டேனிஷ் கோட்டைக்குள்ளேயே நான்கு மாதம் காவலில் கிடந்தார். அடைத்தவரும் கிறிஸ்தவ அதிகாரிதான். பள்ளிகள், அச்சகம், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று வேலை வளர்ந்தது. 1718-ல் சிலுவை வடிவத்தில் புதிய எருசலேம் ஆலயம் கட்டப்பட்டது.

அந்த நேரத்தில் அவருக்கு வந்த பெரிய அடி டென்மார்க் தலைநகர் கோபனேகனிலிருந்த சொந்த மிஷன் சங்கத்திலிருந்து வந்தது. அதன் செயலாளர் கிறிஸ்டியன் வெண்ட், அப்போஸ்தலர்களைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கிக்க வேண்டியவர்களுக்குக் கட்டடமும் சொத்தும் எதற்கு என்று கடுமையாகக் கண்டித்தார். அவர் மனதில் இருந்த சபை அப்போஸ்தலர் நடபடிகள் என்ற வேதப் புத்தகத்தின் முதல் சில அதிகாரங்களில் இருந்தது. சீகன்பால்கு முன்னால் இருந்த சபைக்கோ கூரை வேண்டும், பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், வாத்தியாருக்குச் சம்பளம் வேண்டும். 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், சீகன்பால்கு இறந்தார். வெண்ட் வேண்டாம் என்ற அந்தக் கோயிலுக்குள்தான் அடக்கம். இன்றும் அங்கே ஆராதனை நடக்கிறது.

இதைப் படித்து வெண்டைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர் கேட்ட கேள்வியில் ஒரு நியாயம் இருந்தது. சொத்து சேர்ந்த சபைக்குச் சொத்து வழக்கும் சேரும். நீதிமன்ற வாசல்களில் அதை இன்றும் பார்க்கிறோம். அவர் தவறியது கேள்வியில் இல்லை. இருக்கிற ஆட்களைப் பார்க்காமல், படித்த ஒரு படத்தை வைத்து அளந்ததில் தவறினார். சபை தேடி அலைகிறவர்கள் பெரும்பாலும் செய்வதும் அதையே.

வேதத்தில் உள்ள சபைகளையும் அந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். கொரிந்து சபையில் பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி. கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்குப் பந்தி விசாரிப்பில் குறை வைத்தார்கள். வெளிப்படுத்தல் நூலில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறது. கண்டிப்பு இல்லாமல் தப்பியவை சிமிர்னா, பிலதெல்பியா என்ற இரண்டு மட்டும். எருசலேமில் அந்தக் குறை என்ன ஆனது என்பதைக் கவனியுங்கள். முறுமுறுப்பு வந்தது, சபையைக் கூட்டினார்கள், ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஒரு சபையில் தேட வேண்டியது இந்த நடைமுறை.

எப்படிப் பார்ப்பது

ஆறு ஞாயிறு, ஒரு வாரநாள் கூட்டம், ஒரு அடக்க ஆராதனை. இவ்வளவு பார்க்காமல் கருத்துச் சொல்ல வேண்டாம்.

பண்டிகை ஞாயிறு கணக்கில் சேராது. கிறிஸ்துமஸ் அன்றும் உயிர்த்தெழுந்த ஞாயிறன்றும் எந்தச் சபையும் அழகாகத்தான் இருக்கும். ஆறில் ஒன்று திருவிருந்து ஞாயிறாக இருக்கட்டும். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஞாயிறாக அமைந்தால் நல்லது. ஆராதனை முடிந்ததும் தண்ணீர் சூழ்ந்த குடிசைப் பக்கம் யாராவது போகிறார்களா, அல்லது எல்லோரும் குடையை விரித்து அவரவர் வழியில் போகிறார்களா என்று தெரிந்துவிடும்.

உட்காரும் இடத்தையும் மாற்றுங்கள். ஒரு வாரம் கடைசி வரிசை, ஒரு வாரம் நடு. முதல் மூன்று வாரம் உங்கள் உத்தியோகத்தைச் சொல்லாதீர்கள். நான்காவது வாரம் வங்கி மேலாளர் என்று தெரிந்த பிறகு முன் வரிசைக்கு நாற்காலி வந்தால், பணக்காரனுக்கு நல்ல இடம் கொடுத்து முகம் பார்க்காதே என்கிற யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தை அந்தச் சபை இன்னும் படித்து முடிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்காகவே விட்டு விலக வேண்டாம், குறித்துக்கொண்டால் போதும்.

பிரசங்கத்தைவிட அறிவிப்பு நேரத்தைக் கூர்ந்து கேளுங்கள். வியாதியஸ்தர் பெயர்கள் சொல்லப்படுகின்றனவா? போன வாரக் காணிக்கைத் தொகை வாசிக்கப்படுகிறதா? வரவு செலவு, பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறதா, அதில் இருப்பது எந்த மாதக் கணக்கு? மூன்று மாதத்துக்குள் உள்ள கணக்கு ஒட்டியிருந்தால் நல்ல நிர்வாகம். பலகையில் போன வருஷக் கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் வெளுத்துப்போய்க் கிடந்தால் பொருளாளரிடம் பணிவாக விசாரியுங்கள். விசாரித்ததற்கே முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்.

அடக்க ஆராதனையை யாரும் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. எனக்குத் தெரிந்தவரை சபையின் தரம் இதில் தெரிகிற அளவுக்கு வேறெதிலும் தெரியாது. டெல்டா மண்ணில் மழைக்காலக் குழி என்றால் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும். அதிகாலையிலேயே தோண்டிவிட்டால் பெட்டி வருவதற்குள் பாதி நிரம்பிவிடும். அடக்க நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, கடைசி ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடிமட்டத்தை வெட்டி, வாளியால் இறைத்து, மணல் கொட்டி வைக்க வேண்டும். இதைப் பார்த்துச் செய்ய ஒரு ஆள் அந்தச் சபையில் இருக்கிறாரா? இறந்தவர் பணக்காரர் என்றால் மட்டும் இருக்கிறாரா? துக்க வீட்டில் அடுப்பு எரியாத அந்த இரண்டு மூன்று நாளும் சோறு எங்கிருந்து வருகிறது? பெண்கள் சங்கத்தில் முறை வைத்துச் சமைத்து அனுப்புகிற சபை என்றால், பிரசங்கம் எவ்வளவு வறட்சியாக இருந்தாலும் என் கணக்கில் அது மேலே ஏறும்.

பழைய சபைகள்: லுத்தரன், சி.எஸ்.ஐ.

டெல்டாவின் மூத்த வீடுகள் இவை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் உருவானது, தலைமையகம் திருச்சியில். தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்தது. தஞ்சாவூர், திருச்சி, தரங்கம்பாடி மூன்று ஊர்களிலும் இரண்டின் கோயில்களும் உண்டு.

இவற்றின் பலம் ஒழுங்குமுறை. ஐயர் மாறினாலும் ஆராதனை முறைமை மாறாது. அன்றைய வேதபாடம் அட்டவணைப்படி வரும். பிரசங்கியாருக்குப் பிடித்த பத்து வசனங்களையே சுற்றிச் சுற்றி வர முடியாது. ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் விசுவாசத்தை அறிக்கையிடுவது), திருமணம், அடக்கம் நான்குக்கும் பதிவேடு இருக்கும். மாறுதல் கடிதம் செல்லுபடியாகும். சொந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கும். பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, திடப்படுத்தலுக்கு முன் வகுப்பு. லுத்தரன் வீட்டுப் பிள்ளைக்கு ஞானோபதேசம் (கேள்வி பதிலாக அமைந்த விசுவாசப் பாடம்) மனப்பாடமாக வரும். அது வாழ்நாளுக்கும் உதவுகிற சரக்கு.

பலவீனம் தேர்தல். சபைக் கமிட்டி, திருமண்டல (பேராயரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) பிரதிநிதி என்று பதவிகள் வரும்போது உறவுக்காரர் இரண்டு அணியாகிறார்கள். அதன் சூடு பெண்கள் சங்கக் கூட்டம் வரை இறங்குகிறது. இதற்கு ஒரு நடைமுறை ஆலோசனை உண்டு: சேர்ந்த முதல் தேர்தலில் வாக்களியுங்கள், யாருக்கும் ஓட்டுக் கேட்காதீர்கள். சந்தாவை மாதாமாதம் கட்டி ரசீதைக் கோப்பில் வையுங்கள். நிலுவை வைத்தவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கும் விதி பல சபைகளில் உண்டு. எத்தனை மாத நிலுவை என்பது சபைக்குச் சபை மாறும், சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டிய வாரத்தில்தான் நிலுவைப் பேச்சு எழும். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டிய இடத்தில் முதல் ஞாயிறு அதிலேயே போய்விடும்.

அறுப்பின் பண்டிகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டா சபையின் அழகும் அழுக்கும் அன்றைக்கு ஒரே மேடையில் தெரியும். சம்பா அறுவடை முடிந்த கையோடு தை, மாசியில் பல சபைகள் இதை வைத்துக்கொள்கின்றன. நெல் மூட்டை, வாழைத்தார், தேங்காய், பரங்கி, கோழி, ஆடு என்று பீடத்தடி நிறையும். வருஷம் முழுவதும் ஒவ்வொரு உலைக்கும் ஒரு கைப்பிடி ஒதுக்கிச் சேர்த்த அரிசியைச் சில பெண்கள் துணிப்பையில் கொண்டுவந்து ஓரமாக வைப்பார்கள். பிறகு ஏலம். முதல் தேங்காய் சந்தை விலையைப் போல நூறு மடங்குக்குப் போகும். கெடுவது இங்கே இரண்டு இடத்தில். ஒன்று, உணர்ச்சி வேகத்தில் கேட்டவர்கள் பணம் கட்டுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பாக்கிப் பட்டியலைப் பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசிக்கிறார்கள். வாசிக்கப்பட்டவர் சபையைவிட்டு நின்றுவிடுகிறார். இரண்டு, கைப்பிடி அரிசி கொண்டுவந்த அம்மாவுக்கு ஏலத்தில் ஒரு வெண்டைக்காய்கூட எட்டாது.

நன்றாக நடத்தும் சபைகள் மூன்று ஏற்பாடு செய்கின்றன. ஏலத்துக்கு விடும் பொருள்கள் எண்ணிக்கையில் பத்துக்கு மேல் போகாது. மீதி எல்லாம் நியாய விலைக்கு மேசையில் விற்பனை. ஏலத் தொகைக்கு ஒரு மாதத் தவணை. அதற்கு மேல் போனால் பொருளாளர் வீட்டுக்குப் போய்க் கேட்பார், பெயர் வாசிப்பது கிடையாது. மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே பந்தி. இந்த மூன்றும் உள்ள சபையைக் கண்டால் பிரசங்கக் குறையையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

சாதி: இதில் சலுகை இல்லை

18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி, தஞ்சாவூர் மிஷன் கோயில்களில் சாதிவாரியாக உட்காரும் இடம் தனித்தனி. தஞ்சையில் ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலும் அது போகவில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையில் உடனே முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றுக்கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பெரும் கொந்தளிப்பு. பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர். அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் இன்றும் நமக்கு ஆராதனை நிறைவதில்லை. அவரே 1820-களின் கடைசியில் புதிய மிஷனரிகளை எதிர்த்து, தமிழ்ப் பாட்டையும் பண்டிகைப் பூவையும் காத்து நின்ற அதே மூச்சில், சாதிவாரி இருக்கையையும் காத்து எழுதினார். பாட்டுக்காக அவரை நன்றியோடு வைத்துக்கொண்டு, இருக்கை விஷயத்தில் அவர் தவறினார் என்று சொல்லத் தெரிய வேண்டும். முன்னோரை ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம்.

இன்று தனி இருக்கை கண்ணுக்குத் தெரியாது. பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவரோ வரப்போ ஓடுகிறதா? கமிட்டி உறுப்பினர்கள் எல்லோரும் இரண்டு தெருக்காரர்கள்தானா? கிறிஸ்துமஸ் பஜனை எந்தத் தெருவரை போய்த் திரும்புகிறது? வயல் வேலைக்காரர் வீட்டு அடக்கத்துக்கு ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார்?

இதோடு சேர்ந்த இன்னொன்று. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் சேர்த்தார்கள். இதனால் பல தலித் குடும்பங்கள் ஞாயிறு தவறாமல் வந்தாலும் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏற்றத் தயங்குகின்றன. பிள்ளையின் படிப்பும் வேலையும் அதில் இருக்கிறது. அவர்களைப் பாதி விசுவாசி என்று பேசுகிற சபையில் எனக்கு மதிப்பில்லை. கஷ்டத்தைப் புரிந்து, பந்தியிலும் அடக்கத்திலும் வேறுபாடு காட்டாத சபைக்கே பெயரைக் கொடுங்கள்.

பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள்

இரண்டாவது வாரமே உங்கள் பெயர் தெரிந்திருக்கும். மூன்றாவது வாரம் பாஸ்டரும் பாஸ்டரம்மாவும் வீட்டுக்கு வந்து ஜெபம் செய்வார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் இரவில் துணைக்கு ஆள் இருக்கும். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டு வந்தவர்களைப் பழைய சபைகளைவிட இங்கே அதிகம் பார்க்கலாம். இந்த அன்பை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சேரும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். முதலாவது, சபை எந்த வடிவில் பதிவாகியிருக்கிறது? 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் என்றால் உறுப்பினர் பட்டியல், ஆண்டுப் பொதுக்கூட்டம், கணக்குத் தாக்கல் உண்டு. டிரஸ்ட் என்றால் அறங்காவலர்கள் கையில்தான் எல்லாம். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்கும் விசுவாசிக்குக் கேட்கும் உரிமை கிட்டத்தட்ட இல்லை. அறங்காவலர்கள் பாஸ்டர், அவர் மனைவி, மகன் என்ற மூவர் மட்டும் என்றால் நிலம் வாங்கும்போதோ வாரிசுப் பேச்சு வரும்போதோ உடையும்.

இரண்டாவது, 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பாஸ்டருக்குத் திருமணம் நடத்தும் உரிமம் இருக்கிறதா? இல்லையென்றால் மேடையில் ஆயிரம் பேர் முன்னால் நடந்த திருமணத்துக்கும் பின்னால் சான்றிதழ் சிக்கல் வரும். பாஸ்போர்ட், விசா வேலைக்கு அலையும்போதுதான் இது தெரியவரும். உரிமம் இல்லாத பாஸ்டர் நேர்மையாக அதைச் சொல்லி, திருமணப் பதிவாளர் வழியாக ஏற்பாடு செய்தால் குறை இல்லை.

மூன்றாவது, அடக்கம் எங்கே? பெரும்பாலான சுயாதீன சபைகளுக்குச் சொந்தக் கல்லறை நிலம் கிடையாது. நஞ்சை ஊர்களில் மேட்டு நிலம் அரிது, விலையும் கூட. மரணம் நேர்ந்த அன்று பழைய சபையின் கமிட்டியிடம் போய் நிற்கும் நிலை வரும். அவர்கள் மறுத்தால் பெட்டி வீட்டு வாசலில் காத்திருக்கும். ஊர்ப் பொது மயானத்திலோ வேறு கல்லறையிலோ எழுத்து மூலம் ஏற்பாடு செய்து வைத்திருக்கும் பாஸ்டர் தொலைநோக்குள்ளவர்.

நான்காவது, விலகிப் போனவர்களைப் பற்றி மேடையில் எப்படிப் பேசுகிறார்கள்? "பின்வாங்கிப் போனவன்" என்றும், சாபம் வரும் என்றும் பேசுகிற இடத்தில் நுழைவதற்கு முன் வாசலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கப் பங்கு, வீட்டுக் கூடுகை

கத்தோலிக்கருக்கு இந்தத் தேடலே பெரும்பாலும் எழாது. எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்களோ அந்தப் பங்கு உங்களுடையது. பிரசங்கம் பிடிக்கவில்லை என்று அடுத்த பங்குக்குப் போய்த் திருப்பலி காணலாம். திருமண ஓலைக்கும் சான்றிதழுக்கும் சொந்தப் பங்குத்தந்தையிடம்தான் வர வேண்டும். தேர்ந்தெடுக்காத அயலாரோடு வாழப் பழக்குகிற ஏற்பாடு இது, மற்றவர்கள் பொறாமைப்படலாம். பங்கு பெரிதென்றால் அன்பியத்தில் சேருங்கள். சில பத்துக் குடும்பங்கள் உள்ள அந்த வட்டத்தில்தான் முகம் தெரியும். வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் மாதாமாதம் போவது பக்தி. அது பங்கு வாழ்க்கைக்கு ஈடாகாது.

எல்லாச் சபையிலும் மனம் நொந்தவர்கள் நாலைந்து குடும்பமாக வீட்டில் கூடுவதும் டெல்டா நகரங்களில் உண்டு. ஐயர் இல்லை, சந்தா இல்லை, தேர்தல் இல்லை. முதல் வருஷம் உண்மையிலேயே இனிக்கும். வேத ஆராய்ச்சி ஆழமாக இருக்கும், ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரியும். பிறகு சிக்கல் வரிசையாக வரும். நன்றாகப் பேசுகிறவர் ஒருவர் அறியாமலே ஐயராகிவிடுவார். நியமிக்காதவரை நீக்கவும் முடியாது. பிள்ளைகள் பதினைந்து வயதில் ஒத்த வயதுத் துணை இல்லாமல் சலிப்பார்கள். கல்யாணம், சாவு இரண்டுக்கும் பழைய சபையின் கதவைத் தட்ட வேண்டும். இரண்டு குடும்பத்துக்குள் பணத் தகராறு வந்தால் நடுவில் நிற்க ஆள் கிடையாது. வாரநாள் ஜெபமாக இதற்கு என் முழு ஆதரவு; ஒரே சபையாக இதை நம்பி இருக்க வேண்டாம்.

வட ஆப்பிரிக்காவில் நான்காம் நூற்றாண்டில் இதுவே பெரிய அளவில் நடந்தது. துன்புறுத்தல் காலத்தில் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் கையால் நடந்த அருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவை) செல்லாது என்று தொனாத்தியர் பிரிந்தார்கள். தூயவர்களின் சபை என்று கட்டிய அதற்குள்ளேயும் பிறகு பிளவு வந்தது. ஆயர் அகுஸ்தீன் அவர்களுக்கு, அறுப்பு வரை இரண்டையும் சேர்ந்தே வளரவிடச் சொல்லும் கோதுமையும் களையும் உவமையை எடுத்துக் காட்டினார். நாற்றங்காலில் குதிரைவாலிப் புல்லையும் நெல்லையும் பிரித்தறியத் தடுமாறிய கைகளுக்கு அந்த உவமையை விளக்கத் தேவையில்லை. லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையும் இதில் தெளிவு. சுவிசேஷம் தூய்மையாகப் போதிக்கப்பட்டு, அருட்சாதனங்கள் முறையாக நடக்கும் இடம் சபை என்று ஏழாம் பிரிவு. நடத்துகிறவர் கெட்டவராயிருந்தாலும் அருட்சாதனம் செல்லும் என்று எட்டாம் பிரிவு.

எதைப் பொறுக்கக் கூடாது

எட்டாம் பிரிவைக் காட்டி எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது அந்தப் பிரிவுக்கே செய்கிற அநியாயம். வறட்சிப் பிரசங்கம், சுருதி சேராத பாட்டு, நீண்ட அறிவிப்பு, கோபக்காரச் செயலர், வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பா, புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியமா என்ற சண்டை எல்லாம் பொறுக்கத் தக்கவை. கணக்குக் காட்ட மறுப்பது, சாதி பார்த்து அடக்கமோ பந்தியோ பிரிப்பது, ஐயரோ பாஸ்டரோ கேள்விக்கு அப்பாற்பட்டவர் என்பது ஆகிய மூன்றையும் பொறுக்கக் கூடாது.

இவற்றுக்கு மேல் ஒன்று இருக்கிறது. குழந்தைக்குப் பாலியல் தீங்கு என்று தெரிந்தால் "சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதும் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. ஞாயிறு பள்ளியில் வகுப்பறைக் கதவு திறந்திருக்கிறதா, இரண்டு ஆசிரியர் இருக்கிறார்களா என்பதை ஆறு ஞாயிறு பார்வையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற குறைகளுக்கு மத்தேயு 18-ஆம் அதிகாரம் வழி சொல்கிறது; அதை இப்படி நடத்தலாம். சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து இருவரை அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கட்சிக்காரர் இருவர் வேண்டாம், இரண்டு பக்கமும் மதிக்கிறவர்களாக இருக்கட்டும். அடுத்து, கமிட்டிக்கு ஒரு பக்கத்தில் எழுத்து மூலம் மனு: தேதி, நடந்தது, கேட்பது என்ன, இவ்வளவுதான், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் திருமண்டலத்துக்கு அல்லது மேற்பார்வையாளருக்கு. மனு பெரும்பாலும் தோற்பது நீளத்தால். இருபது வருஷக் குறையை ஒரே தாளில் ஏற்றினால் கேட்கிறவர் முதல் பத்தியோடு மூடிவிடுவார்.

ஒரு வருஷம் முயன்றும் அசையவில்லை என்றால் போகலாம், குற்றவுணர்வு வேண்டாம். போகும்போது தனியாகப் போங்கள். ஐந்து குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறினால் பழைய தகராறு அவர்களோடு சேர்ந்து புது இடத்துக்கு வரும்.

கடிதம் வாங்கும்போது சரிபார்க்க வேண்டியவை: குடும்பத்தார் அனைவரின் பெயர், ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி, சந்தா எந்த மாதம் வரை கட்டியது. பெயர் எழுத்துகள் ஆதாரோடு ஒத்திருக்கட்டும். "ஜேம்ஸ்" பதிவேட்டில் "சேம்சு" என்று இருந்தால் இப்போதே திருத்தக் குறிப்பு வாங்குங்கள். ஞானஸ்நானச் சான்றிதழின் நகல் இரண்டு தனியாக எடுத்து வையுங்கள். பழைய பதிவேடுகளைக் கரையான் அரிக்கிறது, வெள்ளமும் கொண்டுபோகிறது. புதிய சபையில் கடிதத்தை ஐயர் கையில் நேரில் கொடுத்து, பதிவேட்டில் ஏறிய எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு உங்கள் குடும்பத்தின் பெயர் அறிவிப்பில் வாசிக்கப்படும். அன்று மத்தியானம் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள்.